களையை அடக்கும் சோளத் தட்டை

இராமநாதபுரம் மாவட்டம் உத்தரகோசமங்கை வட்டாரத்தில் நெல் சாகுபடி முழுவதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே நடைபெறுகிறது. மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ. இதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்து விடுகிறது. எனவே உழவர்கள் மழைக்கு முன்பாகவே ஆவணி, புரட்டாசி மாதங்களில் நிலத்தைப் புழுதியாக உழுது, காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்து விடுகின்றனர். மழை பெய்ததும் நெல் முளைக்கும். கண்மாயில் நீர் சேர்ந்த பிறகு பயிருக்குப் பாய்ச்சல் கிடைக்கும். மங்களநாதர் கோயிலில் மார்கழித் திருவாதிரைக்கு மரகத நடராசரின் சந்தனக் காப்பு களையப்படும் சமயத்தில் சுற்றுவட்டார வயல்களில் கதிர் முற்றத் தொடங்கியிருக்கும்.

இந்தப் புழுதி விதைப்பில் உள்ள பெரிய இடையூறு களையாகும். நடவு வயலில் நாற்று 25 நாள் வளர்ந்த பிறகு நடப்படுகிறது. வயலிலும் நீர் தேங்கி நிற்கிறது. ஆகையால் களை பின்தங்கி விடுகிறது. புழுதி விதைப்பிலோ நெல்லும் களையும் ஒரே மழையில், ஒரே நாளில் முளைக்கின்றன. குதிரைவாலிப் புல், கோரை, அருகு ஆகியவை நெல்லைவிட வேகமாக வளர்ந்து, இட்ட உரத்தையும் மண்ணின் ஈரத்தையும் முதலில் எடுத்துக் கொள்கின்றன. முதல் 40 நாட்களுக்குள் களையெடுக்கத் தவறினால் விளைச்சலில் பாதியை இழக்க நேரிடும். மழை பொய்க்கும் ஆண்டில் முழு விளைச்சலும் போய்விடக் கூடும்.

ஊர் முழுவதும் ஒரே மழையில் விதைப்பு முளைப்பதால் எல்லா வயல்களுக்கும் ஒரே வாரத்தில் களையெடுக்க ஆட்கள் தேவைப்படுகின்றனர். கூலி உயர்கிறது, கூலி கொடுத்தாலும் ஆள் கிடைப்பதில்லை. களைக்கொல்லி தெளிக்கலாம் என்றால், முளைக்கு முன் தெளிக்கும் மருந்துகளுக்கு மண்ணில் போதிய ஈரம் வேண்டும். மழை ஒரு நாள் பெய்து பத்து நாள் நின்று விட்டால் தெளித்த மருந்து வீணாகிறது. இந்த நிலையில், சில செடிகளில் இயற்கையாகவே அமைந்துள்ள களையை அடக்கும் பொருள்களைச் சிறு விவசாயிகள் எந்த அளவுக்குப் பயன்படுத்திக் கொள்ளலாம் என்பதைத் தெரிந்து கொள்வது நல்லது.

செடிக்குச் செடி பகை

ஒரு செடி தன் வேர், இலை, தண்டு ஆகியவற்றில் உண்டாகும் இரசாயனப் பொருள்களை வெளியிட்டு, அருகில் உள்ள மற்றச் செடிகளின் முளைப்பையோ வளர்ச்சியையோ பாதிப்பதை விஞ்ஞானிகள் ‘அல்லிலோபதி’ என்று அழைக்கின்றனர். ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி ஹான்ஸ் மோலிஷ் 1937-ஆம் ஆண்டில் இந்தப் பெயரைச் சூட்டினார். பெயர் புதியதாயினும் செய்தி மிகப் பழையது. கொண்டைக்கடலை விளையும் நிலத்தில் களைகள் அழிவதைக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்பே குறிப்பிட்டுள்ளார். வால்நட் மரத்தின் அருகே தக்காளிச் செடி வாடி விடுவதை மேல்நாட்டு உழவர்கள் நெடுங்காலமாக அறிவர். அம்மரத்தில் உள்ள ‘ஜக்லோன்’ என்னும் பொருளே இதற்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது.

இப்பொருள்கள் நான்கு வழிகளில் மண்ணையும் மற்றச் செடிகளையும் சென்றடைகின்றன. மழைநீர் இலைகளைக் கழுவி அவற்றை மண்ணில் சேர்க்கிறது. வேர்கள் நேரடியாகக் கசியவிடுகின்றன. உதிர்ந்த இலையும் தட்டையும் மக்கும்போது வெளிப்படுகின்றன. சில செடிகளிலிருந்து ஆவியாகவும் பரவுகின்றன. மண்ணில் சேர்ந்த பிறகு அவை நெடுநாள் தங்குவதில்லை. நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து விடுகின்றன. ஆகவே அவற்றின் பயன் சில வாரங்களுக்கே கிடைக்கும்.

விதையின் அளவுக்கும் இதில் பங்கு உண்டு. பெரும்பாலான களைகளின் விதை மிகச் சிறியது. மண்ணின் மேற்பரப்பிலேயே முளைப்பது. அதனுள் சேமித்த உணவு மிகக் குறைவு. எனவே சிறிதளவு நஞ்சு பட்டாலும் அதன் முளை கருகி விடுகிறது. நெல், உளுந்து, பருத்தி ஆகிய பயிர்களின் விதை பெரியது. சற்று ஆழத்தில் விழுவது. அதனால் அது ஓரளவு தாங்கிக் கொள்கிறது. களையை அடக்கிப் பயிரைத் தப்பவிடும் வித்தை இந்த வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளது. அளவு மீறினால் பயிரும் தப்பாது.

சீமைக் கருவேலம் காட்டும் பாடம்

இந்தப் பகைமையைப் பார்க்க உத்தரகோசமங்கை உழவர்கள் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கண்மாய்க் கரையிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலப் புதர்களின் அடியில் பார்த்தால் போதும். மழை பெய்து சுற்றிலும் பசும்புல் முளைத்திருந்தாலும், மரத்தடியில் மண் வெறுமையாகவே காணப்படும். 19-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்த இம்மரம், விறகுக்கும் கரிக்கும் பயன்பட்டு, இன்று இராமநாதபுரம் மாவட்டத்தின் பல ஆயிரம் ஏக்கர் நிலத்தைப் பிடித்துக் கொண்டிருக்கிறது.

மரத்தடி வெறுமையாக இருப்பதற்கு நிழலும், வேர்கள் ஈரத்தை உறிஞ்சி விடுவதும் காரணங்களாகும். இவற்றோடு இலைகளில் உள்ள இரசாயனப் பொருள்களும் சேர்ந்து கொள்கின்றன. சீமைக் கருவேல இலையை ஊறவைத்த நீர் அருகம்புல் விதைகளின் முளைப்பைக் குறைத்ததை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. 

இதை அறிந்து, அந்த இலைகளையே வெட்டி வயலில் பரப்பினால் களை அடங்குமே என்று சிலர் எண்ணக்கூடும். இது தவறான முடிவாகும். இலைச்சாறு களையையும் பயிரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மேலும் இலைகளோடு நெற்றுகளும் வயலுக்கு வந்து சேர்ந்தால், அடுத்த ஆண்டு சீமைக் கருவேலமே பெரும் களையாகி விடும். சீமைக் கருவேலத்தை அகற்றிப் புதிதாகச் சாகுபடிக்குக் கொண்டுவரும் நிலத்தில் உதிர்ந்த இலைச் சருகுகளை முதலில் வாரி வெளியேற்ற வேண்டும். பிறகு கோடை உழவு செய்து, ஒன்றிரண்டு மழை பெய்து மண் கழுவப்பட்ட பின்னர் விதைப்பது நல்லது. வேர்த்தூரைத் தோண்டி எடுக்காமல் மேலே மட்டும் வெட்டினால் மீண்டும் துளிர்த்து விடும்.

சோளத்தின் சிறப்பு

களையை அடக்கும் பயிர்களில் உலக நாடுகளில் அதிகமாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று சோளமாகும். சோள வேரின் மெல்லிய தூவிகளிலிருந்து எண்ணெய் போன்ற சிறு துளிகள் கசிகின்றன. இவற்றில் உள்ள முக்கியப் பொருளுக்கு ‘சார்கோலியோன்’ என்று பெயர். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1986-ஆம் ஆண்டில் இதைப் பற்றி விரிவாக எழுதினர். முளைத்து வரும் சிறு களைகள் வெயிலைக் கொண்டு தமக்கு உணவு தயாரிக்கும் வேலையை இப்பொருள் தடுத்து விடுகிறது. களை வெளுத்து, வளர்ச்சி குன்றி நின்று விடுகிறது. தட்டையிலும் இலையிலும் நீரில் எளிதாகக் கரையக்கூடிய வேறு பொருள்கள் உள்ளன. இவையும் விதை முளைப்பைத் தடுப்பவையே.

பாகிஸ்தானில் உள்ள பைசலாபாத் வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதை நடைமுறைக்கு ஏற்றதாகச் செய்து பார்த்தனர். முற்றிய சோளச் செடியை ஊறவைத்து எடுத்த நீரைக் கோதுமை வயலில் தெளித்தபோது, களைகளின் எடை மூன்றில் ஒரு பங்கு முதல் ஏறத்தாழ பாதி வரை குறைந்தது. விளைச்சலும் கூடியது. தட்டையைத் துண்டாக்கி மண்ணில் கலந்தபோதும் இதுபோன்ற பலன் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனைகள் பாசன வசதியுள்ள கோதுமை வயலில் நடந்தவை. மானாவாரிப் புழுதி நெல்லுக்கு அதே பலன் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக் கொள்ளக் கூடாது. பாதிக் களை குறைந்தாலும் மீதிப் பாதி வயலில் நிற்கும். எனவே இது கைக்களைக்கு மாற்று ஆகாது. இரண்டு முறை களையெடுக்க வேண்டிய இடத்தில் ஒரு முறையோடு முடிக்கவும், ஆள் கிடைக்கும் வரை களையை ஒரு வாரம் பத்து நாள் தாமதப்படுத்தவும் இது உதவும். ஆள் கிடைக்காத வாரத்தில் அந்தப் பத்து நாள் பெரிய உதவியே.

சோளத்தை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம்.

முதல் முறை: அடர்த்தியாக விதைத்த தீவனச் சோளம்

கோடை மழை கிடைக்கும் ஆண்டில், களை மிகுந்த வயலில் தீவனச் சோளத்தை அடர்த்தியாக விதைக்கலாம். நெருங்கி வளரும் சோளம் நிழலாலும் வேர்க்கசிவாலும் களைகளை எழும்ப விடாது. பூக்கும் பருவத்தில் அறுத்து மாட்டுக்குப் போடலாம். பின்னர் அடித்தாளை மடக்கி உழுதுவிட வேண்டும். விதை உற்பத்தி செய்யாமலேயே களைகள் அழிவதால், அடுத்து வரும் நெல்லில் களை குறையும்.

இளஞ்சோளம் மாடுகளுக்கு நஞ்சாகும் என்பதை உழவர்கள் அறிவர். வறட்சியில் குன்றிய பயிரிலும், அறுத்த பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் நஞ்சு அதிகம். அத்தகைய வயலில் ஆடுமாடுகளை மேயவிடக் கூடாது. பூப்பதற்கு முன் அறுத்துப் போடுவதையும் தவிர்க்க வேண்டும்.

இரண்டாம் முறை: தட்டை மூடாக்கு

மிளகாய், பருத்தி, காய்கறிப் பயிர்களுக்கு இது ஏற்றது. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் மானாவாரியில் பெருமளவு பயிராகிறது. முதல் களையெடுத்து, செடிகளைக் கலைத்துவிட்ட பிறகு, காய்ந்த சோளத் தட்டையை ஒரு சாண் நீளத் துண்டுகளாக நறுக்கி வரிசைகளுக்கு இடையில் பரப்பலாம். மண் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்புவது போதுமானது. செடியின் தூரில் தட்டை படாமல் நான்கு விரற்கடை இடைவெளி விட வேண்டும்.

இதனால் களை அடங்குவதோடு மண்ணின் ஈரமும் காக்கப்படுகிறது. மழை நின்று போன தை, மாசி மாதங்களில் இந்த ஈரமே பயிரைக் காப்பாற்றும். கடலோர உவர் நிலங்களில் மேல்மண் காய்ந்து உப்புப் பூப்பதும் மூடாக்கால் குறையும். 

தட்டை மாட்டுக்குத் தீவனமாயிற்றே, அதை எப்படி வயலில் பரப்புவது என்ற கேள்வி நியாயமானதே. நல்ல தட்டையை மாட்டுக்கு வைத்துக் கொண்டு, மாடு கழித்த அடித்தட்டை, மழையில் நனைந்து தீவனத்துக்கு உதவாதது, மக்கிய படப்பின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் நெடுநாள் மழையில் நனைந்த தட்டையில் நீரில் கரையும் பொருள்கள் கழுவிப் போயிருக்கும். அது வெறும் மூடாக்காக மட்டுமே பயன்படும். சுடுமல்லிக் களை கண்ட சோள வயலின் தட்டையை எடுக்கவே கூடாது. அதன் விதை தூசு போன்றது. தட்டையோடு வந்து அடுத்த நிலத்திலும் பரவி விடும்.

மூன்றாம் முறை: தட்டை ஊறல் நீர்

பைசலாபாத் முறையில் ஊறல் நீர் தயாரிப்பது எளிது. கதிர் அறுத்த முற்றிய சோளச் செடியை இலையுடன் எடுத்து, நிழலில் உலர்த்தி, ஓர் அங்குலத்துக்கும் குறைவான துண்டுகளாக நறுக்க வேண்டும். ஒரு கிலோ துண்டுக்கு 10 லிட்டர் நீர் வீதம் ஊற்றி 24 மணி நேரம் ஊற வைக்க வேண்டும். பிறகு துணியில் வடிகட்டி, 20 பங்கில் ஒரு பங்காகச் சுண்டும் வரை காய்ச்ச வேண்டும்.

அந்தச் சோதனைகளில் எக்டேருக்கு 12 முதல் 15 லிட்டர் சுண்டிய சாறு நீரில் கலந்து தெளிக்கப்பட்டது. ஏக்கர் கணக்கில் இது 5 முதல் 6 லிட்டர் ஆகும். இதற்கு 12 கிலோ தட்டையும் 120 லிட்டர் நீரும் தேவை. சாற்றை 12 பங்காகப் பிரித்து, 10 லிட்டர் கைத்தெளிப்பான் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் வீதம் நீருடன் கலந்து 12 தெளிப்பான் தெளித்தால் ஓர் ஏக்கருக்குச் சரியாக இருக்கும். காய்ச்சுவதற்கு விறகு வாங்க வேண்டியதில்லை. வரப்போரச் சீமைக் கருவேலம் அதற்காவது பயன்படட்டும்.

ஊற வைக்க மழைநீர், ஊருணி நீர் ஆகியவை ஏற்றவை. உவர்க் கிணற்று நீரைப் பயன்படுத்தினால் காய்ச்சும்போது உப்பும் சேர்ந்து சுண்டி, பயிரின் இலையைக் கருக்கி விடும். சாற்றை நாட்கணக்கில் வைத்திருந்தால் புளித்துக் கெட்டு விடும். தயாரித்த ஓரிரு நாட்களுக்குள் தெளித்துவிட வேண்டும்.

நெல் முளைப்பதற்கு முன் இதைத் தெளிக்கக் கூடாது. நெல் முளைப்பும் பாதிக்கப்படலாம். முளைத்து 15 முதல் 20 நாட்களில், களைகள் இரண்டு மூன்று இலைப் பருவத்தில் இருக்கும்போது, மண்ணில் ஈரம் உள்ள நாளில், காலை அல்லது மாலை வேளையில் களைகளின் மீது படுமாறு தெளிக்க வேண்டும். ஓங்கி வளர்ந்து விட்ட களைக்கு இது பயன்படாது. கோரைக்குப் பெரிதாக நம்ப வேண்டாம். கோரையின் கிழங்கு மண்ணுக்கு அடியில் பத்திரமாக இருப்பதால் மேலே கருகினாலும் மீண்டும் முளைக்கும். கோடையில் ஆழ உழுது கிழங்குகளை வெயிலில் காய வைப்பதும், வாரி அகற்றுவதுமே கோரைக்குச் சரியான மருந்து.

முதலில் தட்டில் சோதனை

எந்த ஊறல் நீரையும் வயல் முழுவதும் தெளிப்பதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு தட்டுகளில் ஈரத் துணியை விரித்து, ஒவ்வொன்றிலும் 25 நெல் விதைகளையும், வயலில் சேகரித்த 25 களை விதைகளையும் தனித்தனியாகப் பரப்ப வேண்டும். ஒரு தட்டுக்கு வெறும் நீரும், மற்றொன்றுக்குத் தெளிக்கும் அளவில் கலந்த சோளச் சாறும் தெளித்து வர வேண்டும். ஏழாம் நாள் முளைத்தவற்றை எண்ணி, முளையின் நீளத்தையும் ஒப்பிட வேண்டும். களை முளைப்புக் குறைந்து நெல் பாதிக்கப்படாமல் இருந்தால் அந்த அளவு சரியானது. நெல்லும் குன்றினால் சாற்றில் மேலும் நீர் சேர்த்துச் சோதிக்க வேண்டும். 

அடுத்ததாக வயலில் ஐந்து சென்ட் பரப்பில் மட்டும் தெளித்து, பக்கத்தில் ஐந்து சென்ட் தெளிக்காமல் விட்டு, பத்து நாட்கள் கழித்துப் பார்க்கலாம். வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் அடுத்த ஆண்டு முழு வயலுக்கும் செய்யலாம்.

பின்பயிரைக் கவனிக்கவும்

சோளம் அறுத்த நிலத்தில் உடனே அடுத்த பயிரை விதைத்தால் அது வெளுத்துக் குன்றுவது உண்டு. இதற்கு இரண்டு காரணங்கள். மண்ணில் தங்கிய சோள வேரின் பொருள்கள் ஒன்று. மக்காத தட்டையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாக எடுத்துக் கொள்வது மற்றொன்று. எனவே அடித்தாளை உழுத பின் மூன்று நான்கு வாரங்களாவது இடைவெளி விடுவது அவசியம். ஒரு மழை பெய்த பிறகு விதைப்பது சிறந்தது. தொழுவுரமோ சிறிதளவு தழைச்சத்து உரமோ கூடுதலாக இட்டால் பயிர் வெளுப்பது குறையும்.

தக்கைப் பூண்டு ஊடுபயிர்

புழுதி நெல்லுடன் தக்கைப் பூண்டைச் சேர்த்து விதைத்து, 30 முதல் 35 நாட்களில் பிடுங்கியோ மடக்கியோ மண்ணில் கலப்பதும் களையைக் குறைக்கும் முறையாகும். ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ விதை போதும். இங்கே களையை அடக்குவதில் பெரும்பங்கு வகிப்பது நிழலே. மக்கும் தழை மண்ணுக்கு உரமாகிறது. உவர் தன்மையையும் தக்கைப் பூண்டு ஓரளவு தாங்கும். மழை தொடர்ந்து பொய்த்தால் நெல்லுக்குப் போட்டியாகி விடும் என்பதால், அவ்வாறான ஆண்டில் முன்னதாகவே பிடுங்கி வரிசைகளுக்கிடையில் மூடாக்காகப் போட்டுவிட வேண்டும்.

நெல்லுக்கும் இந்தக் குணம் உண்டு

எல்லா நெல் இரகங்களும் களைக்கு ஒரே மாதிரி இடம் கொடுப்பதில்லை. 1980-களில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஆயிரக்கணக்கான நெல் வகைகளைப் பயிரிட்டுப் பார்த்ததில், சில வகைகளைச் சுற்றிக் களை எழும்பாமல் வட்டமாக வெறுமை காணப்பட்டது. நெல் வேரிலிருந்து கசியும் ‘மொமிலாக்டோன்’ என்ற பொருளுக்கு இதில் பங்குண்டு என்பதைப் பின்னர் ஜப்பானிய ஆராய்ச்சிகள் காட்டின. 1960-களில் நம் நாட்டில் பரவிய குட்டை நெல்லான தைச்சுங் நேட்டிவ் 1 இரகத்துக்கும் குதிரைவாலிப் புல்லை அடக்கும் தன்மை உண்டு என்று பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையச் சோதனைகளில் தெரியவந்தது. 

மானாவாரி உழவர்கள் இரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் மாதத்தில் வேகமாகத் தூர்கட்டி நிலத்தை மூடும் இரகத்தை விரும்புவது நல்லது. பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் புழுதி விதைப்புக்கென்றே வெளியிட்ட பி.எம்.கே. 3, 2009-இல் வெளியான அண்ணா (ஆர்) 4 ஆகியவை வறட்சியைத் தாங்குபவை. விதைநெல்லைச் சலித்து, களை விதை கலவாமல் விதைப்பது செலவில்லாத களைக் கட்டுப்பாடாகும்.

ஆகாயத்தாமரைக்குக் கற்பூரவள்ளி

தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியும் குறிப்பிடத்தக்கது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், வீட்டு வாசலில் வளரும் கற்பூரவள்ளியின் இலையை உலர்த்திப் பொடித்து, நீருக்கு லிட்டருக்கு 40 கிராம் வீதம் கலந்தபோது, தொட்டியில் இருந்த ஆகாயத்தாமரை 24 மணி நேரத்தில் மடிந்தது. இது 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவு. தொட்டியில் நிகழ்ந்தது கண்மாயில் நிகழ வேண்டுமானால் எத்தனை வண்டி இலை வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் வரம்பு விளங்கும். குடிநீர் ஊருணிகளிலும் மீன் வளர்க்கும் குளங்களிலும் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

செடியிலிருந்து கிடைத்த அறிவு பெரிய அளவில் பயன்பட்டதற்கும் சான்று உண்டு. பூங்காக்களில் அழகுக்கு வளர்க்கும் பாட்டில் பிரஷ் செடியின் அடியில் களை குறைவாக இருப்பதை 1977-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு விஞ்ஞானி கவனித்தார். அச்செடியில் இருந்த பொருளை முன்மாதிரியாகக் கொண்டே மக்காச்சோளத்துக்கான ‘மீசோட்ரையோன்’ களைக்கொல்லி பின்னர் உருவாக்கப்பட்டது. மரத்தடியைக் கூர்ந்து பார்க்கும் உழவர் ஒவ்வொருவரும் இந்த ஆராய்ச்சியின் முதல் படியைச் செய்பவரே.

உப்புக் கரைசல் வேண்டவே வேண்டாம்

இயற்கைக் களைக்கொல்லி என்ற பெயரில் கல் உப்பு, சுண்ணாம்பு, கோமியம் ஆகியவற்றைக் கலந்து தெளிக்கும் முறை பல ஊர்களில் பரவியுள்ளது. தெளித்த மறுநாளே களை கருகுவதைப் பார்த்து இதை மெச்சுகின்றனர். கருகச் செய்வது உப்பு. உப்பு சோளச் சாற்றைப் போலச் சில வாரங்களில் சிதைந்து போவதில்லை. நல்ல மழை அதை ஆழத்துக்குக் கழுவும் வரை மண்ணிலேயே தங்கும். வடிகால் வசதியற்ற களிமண்ணில் அதுவும் நடக்காது. களையின் கிழங்கும் வேரும் பிழைத்துக் கொள்ளும். மண் கெட்டுப் போகும்.

உத்தரகோசமங்கை முதல் கடற்கரை வரை உள்ள நிலங்களில் ஏற்கெனவே உவர் ஒரு தொல்லை. பல கிணறுகளில் நீர் உப்பு. இந்த மண்ணில் மூட்டை மூட்டையாக உப்பைச் சேர்ப்பது, கையில் உள்ள நிலத்தை விலை கொடுத்துக் கெடுத்துக் கொள்வதாகும். ஓராண்டுக் களையை அழிக்கப் பல ஆண்டு விளைச்சலை இழக்க நேரும். இயற்கைப் பொருள் என்ற காரணத்தால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகி விடாது. சோளச் சாற்றுக்கும் இது பொருந்தும்.

ஆண்டு முழுவதற்கும் ஒரு திட்டம்

ஒரு சிறு விவசாயி இவற்றை வரிசையாகச் செய்து வந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் களையின் வேகம் தணியும்.

1. சித்திரை, வைகாசியில் கோடை மழை கிடைத்ததும் ஆழ உழுது கோரைக் கிழங்கைக் காய வைக்க வேண்டும்.

2. ஈரம் போதுமானால் களை மிகுந்த பாத்தியில் மட்டும் தீவனச் சோளம் அடர்த்தியாக விதைத்து, பூக்கும்போது அறுத்து, ஆடி முடிவதற்குள் அடித்தாளை உழ வேண்டும்.

3. நெல் விதைக்கு முன், கிடைத்த சிறு மழையில் முளைத்த களையை ஒரு முறை உழுது அழித்துவிட்டு விதைக்க வேண்டும். இது ஒன்றே முதல் தவணைக் களையைப் பெருமளவு குறைக்கும்.

4. வரிசையில் விதைத்தால் களைக்கருவி ஓட்டலாம். கை விதைப்பில் கைக்களையைத் தவிர வேறு வழியில்லை.

5. முளைத்த 15 முதல் 20 நாட்களில் தட்டுச் சோதனையில் தேறிய சோளச் சாற்றை, முதலாண்டு ஐந்து சென்ட்டில் மட்டும் தெளிக்க வேண்டும்.

6. முளைத்த 40 நாட்களுக்குள் ஒரு கைக்களையாவது கட்டாயம் எடுக்க வேண்டும்.

7. மிளகாயிலும் பருத்தியிலும் முதல் களைக்குப் பிறகு தட்டை மூடாக்கு இட வேண்டும்.

8. களை பூத்து விதை உதிர்க்கும் முன் வரப்பையும் வாய்க்காலையும் சுத்தம் செய்ய வேண்டும்.

சோளச் சாற்றுடன் களைக்கொல்லியின் அளவைக் குறைத்துச் சேர்த்துத் தெளித்து நல்ல பலன் கண்டதாகவும் பைசலாபாத் ஆராய்ச்சிகள் கூறுகின்றன. இதை உழவர்கள் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம். மருந்துக்கு மருந்து தன்மை மாறும். அளவு தவறினால் பயிர் கருகும். இராமநாதபுரத்தில் உள்ள கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தையோ, பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தையோ, தம் பகுதி உதவி வேளாண்மை அலுவலரையோ கலந்து ஆலோசித்த பின்னரே அதில் இறங்க வேண்டும். ஐந்து சென்ட்டில் தெளித்துக் கண்ட முடிவை ஒரு நோட்டில் எழுதி அவர்களிடம் காட்டினால், அந்த வட்டாரத்து மண்ணுக்கு ஏற்ற அளவை முடிவு செய்ய அது பெரிதும் உதவும்.

புரட்டாசியில் மழை எப்போது பெய்யும் என்பது உழவரின் கையில் இல்லை. மழையோடு எழும் களையில் ஒரு பங்கை முளையிலேயே அடக்கும் பொருள் அவருடைய சோளப் படப்பில் இருக்கிறது. அதை அளவறிந்து பயன்படுத்தினால் ஒரு களைக்கான கூலி மிச்சமாகும். இட்ட உரமும் பெய்த மழையும் நெல்லுக்கே சேரும்.